மாப்பிள்ளை எண் 479

செவலையின் கன்றை ஏற்றிப்போக வண்டி வரும் என்று விடிந்ததிலிருந்தே சுமதி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்றைக் குளிப்பாட்டி, நெற்றியில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, கழுத்துக்குப் புதுக் கயிறு மாற்றியிருந்தாள். எழுபத்தைந்து நாள் காளைக்கன்று. தாயைப் போலவே செம்பழுப்பு நிறம். கண்ணைச் சுற்றி மட்டும் மையிட்டதுபோல் கறுப்பு. எங்கே போகப்போகிறோம் என்று தெரியாமல் அது அவள் முந்தானையைச் சப்பிக்கொண்டு நின்றது.

பத்து மணிக்கு வந்தது வண்டியல்ல, டாக்டர் லீலாவதியின் ஜீப்.

"வண்டி பின்னாடி வருதுங்களா மேடம்?"

டாக்டர் இறங்கியதும் கன்றின் நெற்றியைத்தான் முதலில் பார்த்தார். குங்குமத்தைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "உள்ள போயிப் பேசுவோம் சுமதி. கொஞ்சம் தண்ணி குடு" என்றார்.

சுமதியின் கணவன் மணிவண்ணன் திருமானூர்ப் பக்கத்தில் பதினோரு ஊர்களுக்குச் சினை ஊசி போட்டுக்கொண்டிருந்தவன். பருவத்துக்கு வந்து மாடு கத்தினால் போன் வரும். பைக்கின் பின்னால் நைட்ரஜன் கேனைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். கேனுக்குள் உறைபனியில் விந்துக் குச்சிகள் இருக்கும். துடைப்பக் குச்சியைவிடக் கொஞ்சம் தடிமனான பிளாஸ்டிக் குழாய்கள். ஒவ்வொன்றின் மேலும் அது எந்தக் காளையுடையது என்று எறும்பு ஊர்ந்ததுபோல் பொடி எழுத்தில் எண் அச்சடித்திருக்கும். அந்த எண்ணைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பிறகு பிறக்கிற கிடேரி வளர்ந்து கறக்கும்போது எத்தனை லிட்டர் கறக்கிறது என்று மாதாமாதம் அளந்து எழுத வேண்டும். மகள்கள் நன்றாகக் கறந்தால் அப்பன் நல்ல காளை. ஆயிரக்கணக்கான மாட்டுக்கொட்டகைகளிலிருந்து இப்படிப் போய்ச் சேரும் வரிகளை வைத்துத்தான் எந்தக் காளை உயர்ந்தது என்று எங்கோ ஓர் ஊரில் கம்ப்யூட்டரில் கண்டுபிடிக்கிறார்கள்.

அப்படிக் கண்டுபிடித்ததில் முதலில் நின்ற காளைதான் 479. அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே அதிகம் கறந்த மாடுகளில் ஒன்று சுமதி வீட்டுச் செவலை. இரண்டையும் சேர்த்துக் காளைக்கன்று பிறந்தால் விந்து எடுக்கிற காளைப் பண்ணைக்கு எடுத்துக்கொள்வோம் என்று இந்தத் திட்டத்தை நடத்துகிறவர்கள் சொல்லியிருந்தார்கள். பண்ணைக்குப் போகிற கன்று சந்தைக்குப் போகாது. அதன் பிள்ளைகள் ஊர் ஊராகப் பிறக்கும். மணிவண்ணன் தன் வீட்டு மாட்டுக்குப் போட்ட கடைசி ஊசி அது. ஊசி போட்ட மறுநாள் சாயங்காலம் அவன் இறந்துபோனான். கன்று பிறந்தபோது அதைத் துடைத்துவிட்டுக்கொண்டே சுமதி அழுதது ஊருக்கே கேட்டது.

டாக்டர் தண்ணீரைக் குடித்து முடித்துச் சொம்பைக் கீழே வைத்தார். "கன்னுக்கு ரத்தம் எடுத்துட்டுப் போனோம்ல, அதோட ரிசல்ட்டு வந்துடுச்சு. தாய் செவலைதான். அது ஒத்துப்போவுது. அப்பன் 479 இல்ல, சுமதி."

"அது எப்படிங்க?"

"418ன்னு வருது. அது சாதாரணக் காளை. ஒண்ணும் மோசமில்ல, ஆனா பண்ணைக்கு ஆகாது."

சுமதி கன்றைப் பார்த்தாள். வாசலில் அது ஜீப்பின் டயரை மோந்துகொண்டிருந்தது. "எங்க வூட்டுக்காரரு பொய் எழுதுற ஆளு இல்லீங்க மேடம்."

"பொய்னு நான் சொல்லல. ஆனா மேல என்ன கேக்குறாங்க தெரியுமா? இவரோட சொந்த வூட்டு மாட்டுக்கே தப்பா எழுதியிருக்காரு, அப்ப ஊரான் வூட்டு மாட்டுக்கு என்ன எழுதியிருப்பாருங்கிறாங்க. அறுநூத்திச் சொச்சம் ஊசி, ஆறு வருசம். ஒரு அப்பன் பேரு தப்புன்னா மத்ததையும் நம்ப முடியாது. அவரு எழுதுனது அத்தனையையும் கணக்குலேர்ந்து எடுத்துடச் சொல்லிட்டாங்க." டாக்டர் எழுந்தார். "அவரோட பதிவேடு உன்கிட்டதானே இருக்கு? வெள்ளிக்கிழமை அரியலூர் ஆபீசுக்கு எடுத்துட்டு வா. அதுக்குள்ள உனக்கு எதாவது ஞாபகம் வந்தா சொல்லு. நானும் மேல எழுதிப் பாக்குறேன்."

ஜீப் போன பிறகு புழுதி அடங்க நேரமானது. பக்கத்து வீட்டு இருசம்மாள் வேலிப் படலை நகர்த்திக்கொண்டு வந்தாள். ஐம்பது வயதுக்காரி, வாய்த்துடுக்கு அதிகம். ஒற்றை மாட்டை வைத்துப் பிழைக்கிறவள்.

"என்னாடி, மாப்பிள்ளை அழைப்புக்குப் பொட்டெல்லாம் வச்ச, காரு திரும்பிப் போவுது? வரதட்சணை பத்தலியாமா?"

"போவலக்கா. வேணாம்னுட்டாங்க."

அவள் குரலைக் கேட்டதும் இருசம்மாள் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். "வேணாம்னா போறாங்க" என்றாள், கன்றின் முதுகைத் தடவி. "கண்ணு கருவிழி மாதிரி வச்சிருக்க. என் வூட்லயும் அதே வாரத்துல ஒண்ணு பொறந்துச்சே, அத எங்க இப்படி வச்சேன்."

அவள் போன பின் சுமதி டிரங்குப் பெட்டியைத் திறந்து பதிவேட்டை எடுத்தாள். காக்கி அட்டை போட்ட நீள நோட்டு. ஒரு வருடமாக அதைத் தொடவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டியபோது அவள் கண்ணில் பட்டதெல்லாம் அவளுடைய கையெழுத்துதான். குண்டு குண்டாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது போல. மாட்டுக்காரர் பெயர், மாட்டின் காது வில்லை எண், காளை எண், தேதி. பக்கத்தின் அடியில் மட்டும் மணிவண்ணன் ஒரு சுழி சுழித்திருப்பான்.

அது அவர்களுக்குள் இருந்த வழக்கம். சாயங்காலம் வந்ததும் சட்டைப்பையிலிருந்து காலிக் குச்சிகளை எடுத்து வரிசையாகப் பாயில் வைப்பான். எந்த வீட்டு மாடு என்று பெரிய எழுத்தில் கிறுக்கிய சீட்டை ஒவ்வொன்றின் மேலும் சுற்றியிருப்பான். "ஏ சுமதி, இன்னைக்கு மாப்பிள்ளைங்க யாரு யாருன்னு சொல்லு" என்பான். அவள் குச்சியை விளக்குக்கு நேரே பிடித்து எண்ணைப் படித்து எழுதுவாள். "என் எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும், நீ எழுது" என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டிப் படுத்துக்கொள்வான். புதுக் குச்சிகள் வருகிற நாளிலும் அப்படித்தான். கேனின் வாயில் வெள்ளைப் புகை வழிய, இடுக்கியால் ஒரு குச்சியை ஒரு நொடி தூக்கிக் காட்டுவான். "மாப்பிள்ளை யாரு?" அவள் சட்டென்று படித்துச் சொல்ல வேண்டும். இன்ன காளைக்குக் கேனுக்குள் இன்ன குவளை என்று அவன் பிரித்து வைப்பான். பிறகு பதினோரு ஊரிலும் எந்தக் குவளையில் எந்தக் காளை என்று அவன் விரலுக்குத் தெரியும். மாட்டுக்குள்ளே கைவிட்டு ஊசியைச் சேர்க்கிற வேலைக்குக் கண் வேண்டியதில்லை. "எனக்குக் கையிலதான் கண்ணு" என்று பெருமையடிப்பான்.

கல்யாணமாகி ஒன்பது வருடம். மற்றவன் பெண்டாட்டிக்குப் பூ வாங்கி வருவான். இவன் காலிக் குச்சி கொண்டுவருகிறான் என்று அவள் கேலி பேசுவாள். ஆனால் அந்த நேரம் அவளுக்குப் பிடித்திருந்தது. அது தன்னோடு விளையாடத்தான் என்று அவள் நினைத்திருந்தாள்.

நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு வந்தாள்.

அங்கே இரண்டு வரிகள் அவளுடையவை அல்ல. எழுத்துகள் கோட்டில் நிற்காமல் மேலே ஏறி, அடுத்த கட்டத்துக்குள் புகுந்து, ஒன்றன் மேல் ஒன்று விழுந்து கிடந்தன. செவலை, 479. இருசம்மா, 418. தேதி எழுதிய இடத்தில் பேனா தாளுக்கு வெளியே போயிருந்தது.

சுமதிக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. மறந்திருந்தால்தானே ஞாபகம் வர. அது ஓர் ஓரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

ஜெயங்கொண்டத்தில் அவள் தங்கை கவிதாவின் மகளுக்குக் காதுகுத்து. சுமதி விடியற்காலையே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தயாராகிவிட்டாள். எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துச் செவலை கத்தத் தொடங்கியது. சிறிது நேரத்தில் இருசம்மாளின் மாடும் கத்தியது. அதற்கு ஏற்கெனவே மூன்று முறை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. முந்தின நாள்தான் திட்டத்திலிருந்து புதுக் குச்சிகள் இரண்டு வந்திருந்தன. ஒன்று சாதாரண 418, இன்னொன்று செவலைக்கென்றே அனுப்பிய 479. இன்னும் பிரித்து வைக்கவில்லை.

"இந்தத் தடவை தவறிச்சுன்னா இன்னும் இருபத்தோரு நாளு ஆவும் சுமதி. கொஞ்சம் இரு, அடுத்த பஸ்ல போவோம்."

"அடுத்த பஸ்ஸு பத்தரைக்கு. அதுக்குள்ள அங்க காதும் குத்தி, சாப்பாடும் முடிஞ்சி, எலயும் எடுத்துருவாங்க. தாய்மாமன் மடியில வச்சிக் குத்தணும்னா நம்ம அண்ணன் இருக்கான். பெரியம்மா வந்தா என்ன வராட்டி என்னன்னுதானே இருக்கீங்க?"

"மாடு கத்துறது நமக்காக நிக்குமா?"

அவள் அடுப்படிக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். எட்டு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது அங்கே வரை கேட்டது. பிறகு கொட்டகையிலிருந்து அவன் குரல்: "ஏ சுமதி, செத்த வந்துட்டுப் போ. மாப்பிள்ளை யாருன்னு பாத்துச் சொல்லு."

அவள் போகவில்லை.

"சுமதி, குச்சி வெளிய இருந்தா கெட்டுடும். ஒரு நிமிசம்."

அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள். "ஏன், உங்களுக்குக் கண்ணு இல்லையா?"

கொட்டகையில் சத்தமில்லை. பிறகு கேன் மூடியை மூடும் ஓசை.

அன்றைக்குக் காதுகுத்துக்குப் போகவில்லை. சாயங்காலம் பாயும் விரிக்கவில்லை. மறுநாள் காலை சோறு போட்டாள், பேசவில்லை. அவன் பையைத் திறந்து எதையோ எடுக்கப் போனான். அவள் பால் கேனை உரசிக் கழுவிக்கொண்டிருந்தாள், வேண்டுமென்றே சத்தமாக. அவன் திரும்பப் பையை மூடிவிட்டு, "போயிட்டு வரேன்" என்றான். அன்று அந்தி சாயும் நேரம், ரெட்டிபாளையம் பக்கம், சுண்ணாம்புக்கல் ஏற்றி ஓரமாக நின்றிருந்த லாரியின் பின்னால் அவன் பைக் போய் மோதியது.

சுமதி எழுந்து பரணிலிருந்து அவன் பையை இறக்கினாள். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வாங்கிவந்த நாளில் வைத்தது வைத்தபடி இருந்தது. நீளக் கையுறைகள், இடுக்கி, வெந்நீர் ஊற்றுகிற சின்னப் பிளாஸ்க். பக்கத்துப் பையில் ஒரு தீப்பெட்டி. அதற்குள் சரிபாதியாக மடங்கிய இரண்டு காலிக் குச்சிகள், சீட்டு சுற்றியபடி. அவள் படிப்பதற்காக அவன் எடுத்து வைத்தவை. நோட்டில் தோராயமாக எழுதிவிட்டு, அவள் கோபம் தணிந்ததும் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தவை.

ஒரு சீட்டில் 'நம்ம வூடு' என்று பெரிதாக எழுதியிருந்தது. பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். 418. இன்னொன்றில் 'இருசம்மா'. 479.

படிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை.

டீக்கடையில் அவன் பேப்பரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "நீங்க படிங்கண்ணே, கேக்க நல்லாருக்கு" என்று பக்கத்திலிருப்பவரிடம் கொடுப்பான். ஊசியில் நூல் கோக்கச் சொன்னால் அவள் தோளில் கிள்ளிவிட்டு ஓடுவான். சினிமாவுக்கு அழைத்தால் தூக்கம் வருகிறது என்பான். எல்லாம் இப்போது ஒவ்வொன்றாக வந்து அவள் எதிரே நின்றன. கண் தெரியவில்லை என்று சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்தானோ, இல்லை அவளிடம் சொல்ல வெட்கப்பட்டானோ. அவளுக்குத் தெரியாது. இனித் தெரியவும் வழியில்லை.

லாரி டிரைவர் அரியமுத்து காரியத்தன்று வந்து வாசலில் நின்றான். "பின்னாடி செவப்பு லைட்டு எரிஞ்சிச்சும்மா. சத்தியமா எரிஞ்சிச்சு. நேரா வந்து வுழுந்தாரும்மா" என்று அழுதான். சுமதி மண்ணை வாரி அவன் மேல் இறைத்தாள். எரிந்திருக்கும் என்று இப்போது நினைத்துக்கொண்டாள். விளக்கு எரிந்துதான் இருந்திருக்கும்.

வேலிக்கு அந்தப்புறம் இருசம்மாள் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தாள். சுமதி போய்ப் படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, உன் வூட்டுக் கன்னு எங்க?"

"அதுவா? அப்பவே போச்சே. காளைக்கன்ன வச்சிக்கிட்டு என்னா பண்றது? ஒரு மாசத்துல வியாபாரி வந்தான், சின்ன லாரியில ஏழெட்டுக் கன்னோட ஏத்திட்டுப் போயிட்டான். எந்த ஊருக்காரனோ."

சுமதி சொன்னாள். குச்சியை, எண்ணை, எல்லாவற்றையும். தன் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லவில்லை. இருசம்மாள் கையிலிருந்த வைக்கோல் அப்படியே நின்றது.

"ராசா வூட்டுப் புள்ளையாடி அது?" என்றாள் மெதுவாக. "நான் அதுக்கு வயிறு ரொம்பப் பாலுகூட வுடலியே. பாலு குறையுதேன்னு ஒதறி ஒதறி இழுத்துக் கட்டுனேன். கத்திக்கிட்டே கெடக்கும்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒம் புருசன் கையால வந்ததுடி. நான் பாவி."

அது செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை காலை சுமதி பதிவேட்டையும் தீப்பெட்டியையும் துணிப்பையில் வைத்துக்கொண்டு அரியலூர் பஸ் ஏறினாள். வழியெல்லாம் சிமெண்டுப் புழுதி படிந்து மரங்கள் வெளுத்திருந்தன. ஜன்னலோரம் கடந்துபோகிற ஒவ்வொரு போர்டையும் அவள் படித்துக்கொண்டே வந்தாள். மளிகைக்கடை, டயர் கடை, தனியார் பள்ளி, பஸ் நிறுத்தம். கண்ணில் பட்டதையெல்லாம் படித்தாள். நிறுத்த முடியவில்லை.

ஆபீசில் டாக்டர் லீலாவதியின் மேஜைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. சுமதி நோட்டைப் பிரித்து வைத்தாள்.

"இதெல்லாம் யாரு கையெழுத்து?"

"என்னுதுங்க மேடம்."

"நீயா எழுதுன? அவருதான எழுதணும்."

"அவருக்குப் படிக்கத் தெரியும். கண்ணுதான் தெரியாது." சுமதி தீப்பெட்டியைத் திறந்து குச்சிகளை மேஜையில் வைத்தாள். பாயில் வரிசையாக வைப்பானே, அப்படி. "ஆறு வருசமும் குச்சியப் படிச்சது நானுங்க. கேன்ல வைக்கும்போதும் நான், சாயங்காலம் எழுதும்போதும் நான். ஒண்ணுகூட மாறியிருக்காது. எங்க வேணா போயி ரத்தம் எடுத்துப் பாருங்க. இந்த ஒரு நாளுதான் நான் படிக்கல. கூப்புட்டாரு. நான் போவல."

டாக்டர் குச்சிகளைக் கையில் எடுத்துச் சீட்டையும் எண்ணையும் பார்த்தார்.

"அவருக்குக் கண்ணு தெரியலைன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"செவ்வாக்கிழமை, மேடம்."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நகர்த்தினார். "இப்ப சொன்னத அப்படியே எழுதிக் குடு. நாலஞ்சு வூட்டுக் கிடேரிக்கு ரத்தம் எடுத்துப் பாப்போம். நீ சொன்ன மாதிரி ஒத்துப்போச்சுன்னா மத்த வரியெல்லாம் நிக்கும். நான் பேசிக்கிறேன்."

சுமதி எழுதினாள். குண்டு குண்டான எழுத்தில், கோடு போடாத தாளிலும் கோணாமல். கூப்பிட்டார், நான் போகவில்லை என்பதற்குக் கீழே, அன்றைக்குத் தான் சொன்ன வாக்கியத்தையும் எழுதினாள். அது தேவையில்லை என்று டாக்டர் சொல்லியிருப்பார். அவர் சொல்லுமுன் எழுதிவிட்டாள்.

"கன்ன என்ன பண்ணப்போற?"

"இருக்கட்டுங்க மேடம். 418ன்னாலும் அவரு போட்டதுதானே."

டாக்டர் தலையாட்டினார். சிவப்புப் பேனாவையும் ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "இந்த ரெண்டு வரிய மட்டும் இப்பவே அடிக்கணும். தப்புன்னு தெரிஞ்சப்புறம் வச்சிருக்கக் கூடாது."

அப்போதுதான் சுமதிக்கு அது உறைத்தது. நிற்கப்போகிற அறுநூறு வரிகளும் அவளுடையவை. இந்தப் பதிவேட்டில் மணிவண்ணன் தன் கையால் எழுதி வைத்துவிட்டுப் போனவை இந்த இரண்டு வரிகள்தான். கோட்டைத் தடவித் தடவி, பேனா எங்கே போகிறது என்று தெரியாமல், தனியாகக் கொட்டகையில் உட்கார்ந்து எழுதியவை.

"மேடம், அடிச்சா உள்ள இருக்கிறது தெரியாமப் போயிடுமா?"

"இல்ல சுமதி. ஒத்தக் கோடுதான். அடிச்சாலும் படிக்க முடியணும். அதான் ரூல்."

"கொஞ்சம் இருங்க."

அவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். குனிந்து, எழுத்தின் கீழே விரலை வைத்து, விளக்குக்கு நேரே குச்சியைப் பிடித்துக்கொண்டு பாயில் படுத்திருக்கிற ஒருவனுக்குச் சொல்வதுபோல் வாய்விட்டுப் படித்தாள்.

"செவலை. நானூத்தி எழுபத்தொன்பது. இருசம்மா வூட்டு மாடு. நானூத்திப் பதினெட்டு."

அவள் படித்து முடிக்கும்வரை டாக்டர் காத்திருந்தார். பிறகு ஸ்கேலை வைத்தார். எழுத்துகள் மேலே மேலே ஏறிப் போயிருந்ததால் ஒரு கோடு போதவில்லை. ஸ்கேலைச் சாய்த்துச் சாய்த்து வைத்து அடிக்க வேண்டியிருந்தது.